ஸ்டீராய்டால் கெட்ட இடுப்பு மூட்டுக்கு ஸ்டெம் செல்: நீலகிரியிலிருந்து கிளம்பும் முன்

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் ‘ஏவிஎன்’ என்று, அதாவது ரத்தம் போகாமல் எலும்பின் ஒரு பகுதி செத்துப்போயிருக்கிறது என்று, பார்த்தவுடன் பலரும் செய்கிற முதல் வேலை, கைப்பேசியில் ஸ்டெம் செல் (வேறு செல்களாக வளரக்கூடிய மூலச் செல்) என்று தேடி, மேலே வருகிற கிளினிக்குக்கு போன் போடுவது. அந்த போனைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். எந்த கிளினிக் என்பதற்கு முன்னால் தெரிய வேண்டியது வேறு: உங்கள் தொடை எலும்பின் தலை இன்னும் உருண்டையாக இருக்கிறதா, அமுங்கிவிட்டதா? உருண்டையாக இருந்தால் ஸ்டெம் செல்லைப் பற்றிப் பேசலாம், அதுவும் சீக்கிரம் பேச வேண்டும். அமுங்கியிருந்தால் அந்தச் செலவு பெரும்பாலும் வீண்.

நான் டாக்டர் இல்லை. கோத்தகிரிப் பக்கத்துக்காரன். வீட்டில் ஒருவருக்கு இது வந்ததால் கூடவே அலைந்தவன். இந்தப் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

உள்ளே நடப்பது என்ன

எலும்புக்கும் உயிர் உண்டு, அதற்கும் ரத்தம் வேண்டும். தொடை எலும்பின் உச்சியில் இருக்கும் உருண்டைக்குப் போகிற ரத்தக் குழாய்கள் மெல்லியவை, மாற்று வழியும் குறைவு. அளவு கூடிய ஸ்டீராய்டு மஜ்ஜைக்குள் கொழுப்புச் செல்களைப் பெருக்கிவிடுகிறது. எலும்பு பலூன் மாதிரி விரியாது, அதனால் உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைப்படுகிறது. புது எலும்பு கட்டும் செல்களையும் ஸ்டீராய்டு குறைக்கிறது. ஒரு பகுதி அப்படியே செத்துப்போகிறது. செத்தவுடன் உடைந்துவிடாது. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், அதன் மேல்தான் நடந்துகொண்டிருப்பார்கள். ஒரு நாள் மேல் ஓட்டுக்குக் கீழே கீறல் விழுந்து உருண்டை தட்டையாகும். இந்த இடைவெளிதான் உங்களுக்குக் கிடைக்கிற அவகாசம்.

முதலில் மருந்துக் கணக்கு

எந்த ஸ்டீராய்டு, என்ன அளவு, எத்தனை நாள் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். ஆஸ்துமா, லூபஸ், சிறுநீரக நோய், தோல் நோய், கோவிட் என்று எதற்காகக் கொடுத்திருந்தாலும் பழைய சீட்டுகளைத் தேடி எடுங்கள். ப்ரெட்னிசொலோன், மெத்தில்பிரெட்னிசொலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், டெஃப்லாசகார்ட் எல்லாம் இந்தக் குடும்பம்தான். இந்த எலும்புச் சிதைவை ஆராயும் ஆர்கோ என்ற சர்வதேசச் சங்கம் 2019-ல் ஒரு வரையறை வகுத்தது. 3 மாதத்துக்குள் ப்ரெட்னிசொலோன் கணக்கில் 2 கிராமுக்கு மேல் போயிருக்க வேண்டும், அதன் பிறகு 2 ஆண்டுக்குள் நோய் தெரிந்திருக்க வேண்டும், வேறு காரணமும் இருக்கக் கூடாது; அப்போதுதான் அதை ஸ்டீராய்டால் வந்தது என்று சொல்வார்கள். தினம் 20 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல் 3 மாதம் சாப்பிட்டாலே இந்தக் கணக்கு வந்துவிடும்.

சீட்டில் வராத ஸ்டீராய்டும் உண்டு. குளிரும் மேடு பள்ளமும் உள்ள ஊரில் உடம்பு வலி எல்லோருக்கும் இருக்கிறது. “அண்ணா, கால் வலிக்கு ஒரு செட் குடுங்க” என்றால் பேப்பரில் மடித்து நாலைந்து மாத்திரை வருகிறது. அதில் பெயர் இல்லாத அந்தக் குட்டி மாத்திரை பல நேரம் டெக்ஸாமெத்தசோன்தான். 0.75 மில்லிகிராம் டெக்ஸா, 5 மில்லிகிராம் ப்ரெட்னிசொலோனுக்குச் சமம் என்பதால் மாத்திரையின் அளவைப் பார்த்து ஏமாறக் கூடாது. சாப்பிட்ட மறுநாள் வலி மாயமாய்ப் போய், பசி எடுத்து, சில மாதத்தில் முகம் உப்பியிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பெயர் ஒட்டாத டப்பாவில் வரும் வலி லேகியம், சூரணம் எல்லாவற்றையும் இதே சந்தேகத்தோடு பார்ப்பதில் தப்பில்லை.

ஆனால் பயந்துபோய் ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். வெகுநாள் சாப்பிட்டவரின் உடம்பு தானாகச் சுரப்பதை மறந்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எந்த டாக்டர் எழுதினாரோ அவரே படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் இன்ஹேலரில் ஸ்டீராய்டு அளவு மிகக் குறைவு, அதை இந்தக் கணக்கில் சேர்த்துக் கைவிட வேண்டாம். மதுப் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், ஏவிஎன்னுக்கு அதுவும் பெரிய காரணம்.

கூடலூர், பந்தலூர் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகிற பரம்பரை நோயான அரிவாள் செல் ரத்தசோகையும் இதே எலும்பை இதே மாதிரி கெடுக்கும். இந்தியாவில் அந்த நோய்க்கூறு முதலில் பதிவானதே 1952-ல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். பணியர், குறும்பர், இருளர் குடும்பங்களில் யாருக்காவது இடுப்பு மூட்டு வலி வந்தால், ஸ்டீராய்டு சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த ரத்தப் பரிசோதனையை முதலில் பார்த்துவிட வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கும் அது முன்கூட்டியே தெரிய வேண்டும்.

வலியை விரல் வைத்துக் காட்டுங்கள்

“இடுப்பு வலி” என்று மட்டும் சொன்னால் முதுகுத்தண்டை எம்ஆர்ஐ எடுப்பார்கள். அதில் நம்மில் பாதிப் பேருக்கு இருக்கிற டிஸ்க் வீக்கம் தெரியும், வைத்தியம் அந்தப் பக்கம் போய்விடும். இந்த வலி பெரும்பாலும் முன்பக்கம், தொடை இடுக்கில் இருக்கும். சிலருக்குத் தொடை வழியாக இறங்கி முட்டியில்தான் தெரியும். முட்டியை எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றும் இருக்காது, வயசாகிவிட்டது என்று தைலம் கொடுத்து அனுப்புவார்கள். சம்மணம் போட முடியவில்லை, செருப்பு மாட்டக் குனிந்தால் பிடிக்கிறது, தோட்டத்தில் சரிவில் இறங்கும்போது இடுக்கில் குத்துகிறது என்றால் அதை அப்படியே சொல்லுங்கள்.

நல்ல எலும்பு டாக்டர் என்றால் உங்களை மல்லாக்கப் படுக்க வைத்து, முட்டியை மடித்துத் தூக்கி, பாதத்தைப் பிடித்து மெதுவாக வெளிப்பக்கம் திருப்புவார். அந்தத் திருப்பலில் தொடை இடுக்கில் சுரீரென்று வலித்தால் கோளாறு இடுப்பு மூட்டில் என்று அவருக்குப் பிடி கிடைத்துவிடும். படுக்கவே வைக்காமல் மாத்திரை எழுதினால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதோடு விஷயம் முடிந்துவிடாது. எம்ஆர்ஐ வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும். ஸ்டீராய்டால் வருவது பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு மூட்டிலும் வருகிறது. வலிக்காத பக்கம்தான் காப்பாற்ற வாய்ப்புள்ள பக்கமாகவும் இருக்கும்.

எங்கே எடுப்பது? ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் 700 படுக்கைக் கட்டடம் 2025 ஏப்ரலில் திறந்தது. முதலில் அங்கே எலும்புப் பிரிவு புறநோயாளி சீட்டு போட்டுவிட்டு, எம்ஆர்ஐ அங்கேயே எடுக்க முடியுமா, கோவை அரசு மருத்துவமனைக்கு எழுதித் தருவார்களா என்று கேளுங்கள். அவசரப்பட்டுத் தனியாரில் காசைக் கொட்டுமுன் இதைக் கேட்பதில் நஷ்டமில்லை. கூடலூர்க்காரர்கள் மைசூர் போவதாக இருந்தால், பந்திப்பூர் வழி இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும் என்பதை வைத்து நேரம் குறியுங்கள். குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் ஏப்ரல், மே சீசனில் போக்குவரத்தை ஒருவழியாக்குவதையும், ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மண் சரிவதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எம்ஆர்ஐ படத்தை சிடியிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். நம் ஊர் ஈரத்துக்கு ஃபிலிம் பூஞ்சை பிடித்துவிடும்.

ரிப்போர்ட்டில் எதைத் தேடுவது

நிலை ஒன்று: எக்ஸ்ரே சாதாரணம், எம்ஆர்ஐயில் மட்டும் தெரிகிறது. நிலை இரண்டு: எக்ஸ்ரேயிலும் வெளுப்பும் ஓட்டைகளும் தெரிகின்றன, உருண்டை மட்டும் கெடவில்லை. நிலை மூன்று: மேல் ஓட்டுக்குக் கீழே பிறை வடிவில் கீறல் விழுந்திருக்கிறது, அல்லது உருண்டை அமுங்கிவிட்டது. நிலை நான்கு: உருண்டை உட்காரும் இடுப்பெலும்புக் கிண்ணமும் தேய்ந்துவிட்டது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “உருண்டை அமுங்கியிருக்குங்களா?”

இரண்டாவது கேள்வி, செத்த பகுதி எவ்வளவு பெரியது, பாரம் தாங்கும் இடத்தில் இருக்கிறதா என்பது. உருண்டையில் 15 சதவீதத்துக்குக் கீழ் என்றால் சிறியது, 30 சதவீதத்துக்கு மேல் என்றால் பெரியது என்று பிரிப்பார்கள். பெரியதாக இருந்து, மேல் வெளி ஓரத்தில் உட்கார்ந்திருந்தால், நிலை இரண்டாகவே இருந்தாலும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டெம் செல் என்ற பெயரில் விற்பது மூன்று சரக்கு

முதலாவது, மஜ்ஜைச் செறிவு. உங்கள் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, இயந்திரத்தில் சுழற்றிச் செறிவாக்கி, அதே மயக்கத்தில், செத்த எலும்புக்குள் துளை போட்டுச் செலுத்துவது. இதற்குத்தான் நீண்டகால ஆதாரம் இருக்கிறது. வெறும் துளை போட்டு அழுத்தத்தை இறக்கும் அறுவை ரொம்ப காலமாக இருப்பது. ஸ்டெம் செல் அதன் மேல் சேர்ப்பு, அவ்வளவுதான்.

இரண்டாவது, மஜ்ஜையை ஆய்வகத்துக்கு அனுப்பி, எலும்பு கட்டும் செல்களாகச் சில வாரம் வளர்த்து, பிறகு துளை வழியாக வைப்பது. இப்படி நோயாளியின் சொந்தச் செல்லை வளர்த்துக் கொடுக்கும் ஒரு தயாரிப்புக்கு இந்தியாவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை 2017-ல் அனுமதி கொடுத்தது. இதற்கு இரண்டு முறை அறுவை அரங்குக்குப் போக வேண்டும். நடுவில் காத்திருக்கும் வாரங்களில் உருண்டை அமுங்காமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

மூன்றாவது, கையில் ட்ரிப் ஏற்றுவது, மூட்டு இடைவெளிக்குள் ஊசி போடுவது, கொழுப்பிலிருந்தும் தொப்புள்கொடியிலிருந்தும் எடுத்தது என்று சொல்வது. செத்த பகுதி எலும்புக்குள்ளே அடைபட்டிருக்கிறது. மூட்டுக்குள் போட்ட ஊசி அங்கே எப்படிப் போய்ச் சேரும்? இந்த ஒரு கேள்விக்கு எனக்கு எந்த விற்பனையாளரும் நேராகப் பதில் சொன்னதில்லை.

ஆதாரம் எவ்வளவு

பாரிஸில் எர்னிகூ என்ற அறுவை மருத்துவர் 2002-ல் வெளியிட்ட கணக்கில் 116 பேரின் 189 மூட்டுகள் இருந்தன. உருண்டை அமுங்கும் முன் மஜ்ஜைச் செறிவு வைத்த 145 மூட்டுகளில் 9-க்குத்தான் பின்னால் மாற்று மூட்டு தேவைப்பட்டது. அமுங்கிய பிறகு வைத்த 44-ல் 25-க்குத் தேவைப்பட்டது. மேலே சொன்ன நிலை இரண்டுக்கும் நிலை மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

2018-ல் அவர் குழு வெளியிட்டது நமக்கு இன்னும் நெருக்கம், ஏனென்றால் அதில் எல்லோரும் ஸ்டீராய்டால் கெட்டவர்கள். 125 பேர், இரண்டு பக்கமும் ஒரே நிலை, ஒன்று அல்லது இரண்டு. ஒரு பக்கம் வெறும் துளை, மறு பக்கம் துளையோடு மஜ்ஜைச் செறிவு. ஒரே ஆளின் இரண்டு கால்களையே ஒப்பிட்டார்கள். சராசரியாக 25 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, வெறும் துளை போட்ட பக்கத்தில் 95 மூட்டுகளை மாற்ற வேண்டியிருந்தது, மஜ்ஜை வைத்த பக்கத்தில் 30.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது இந்த வேலையிலேயே ஊறிய ஒரு குழுவின் கணக்கு. அதே எர்னிகூ 1997-லேயே இன்னொன்றையும் காட்டியிருக்கிறார்: ஸ்டீராய்டும் மதுவும் இடுப்பெலும்பு மஜ்ஜையில் உள்ள மூலச் செல்களையே குறைத்துவிடுகின்றன. அதாவது நமக்கு வைக்கிற விதையே கொஞ்சம் சோடை. நூற்றுக்கு நூறு என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சட்டமும் கேள்விகளும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்களுக்கான மூலச் செல் மாற்று தவிர, ஸ்டெம் செல்லை வழக்கமான வைத்தியமாகக் கொடுக்கக் கூடாது. முறையாகப் பதிந்த மருத்துவ ஆய்வுக்குள் கொடுக்கலாம். ஆய்வு என்றால் சிடிஆர்ஐ எனும் தேசியப் பதிவேட்டில் எண் இருக்கும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். ஆய்வில் சேர்பவரிடம் அந்தச் சிகிச்சைக்குக் காசு கேட்கக் கூடாது. “ஆய்வு” என்று சொல்லி லட்சக்கணக்கில் கட்டணச் சீட்டும் நீட்டினால் அங்கேயே புரிந்துகொள்ளுங்கள்.

எனவே டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். எந்த அனுமதியின் கீழ் இதைச் செய்கிறீர்கள்? அங்கீகரித்த தயாரிப்பா, ஆய்வா, அறுவையோடு அங்கேயே செறிவாக்குவதா? என் நிலைக்கு, இந்த அளவு பாதிப்புக்கு, எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அவர்களில் எத்தனை பேர் பிறகு மூட்டு மாற்றினார்கள்? வெறும் துளை அறுவைக்கும் இதற்கும் செலவில் எவ்வளவு வித்தியாசம்? பதில்களை உடன் வருபவர் அங்கேயே எழுதிக்கொள்ளட்டும். கோபப்படாமல் பதில் சொல்கிற டாக்டரிடம் மேற்கொண்டு பேசலாம்.

செய்யும் நாள்

மஜ்ஜைச் செறிவு முறை பார்க்கச் சிறிய அறுவைதான். மயக்கம் கொடுத்து, இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் தடித்த ஊசியை இறக்கி, சில மில்லிலிட்டர்களாக இடம் மாற்றி மாற்றி உறிஞ்சுவார்கள். ஒரே இடத்தில் இழுத்தால் மஜ்ஜைக்குப் பதில் ரத்தம்தான் வரும். இப்படிச் சேர்த்ததைச் சுழற்றிச் செறிவாக்கும்போதே, தொடையின் வெளிப்பக்கத்தில் சின்னத் துளை போட்டு, சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே எலும்பின் கழுத்து வழியாகச் செத்த பகுதி வரை குழலைச் செலுத்துவார்கள். செறிவு அதன் வழியே மெதுவாக உள்ளே போகும். மறுநாள் தொடையைவிட மஜ்ஜை எடுத்த இடம்தான் அதிகம் வலிக்கும்.

அப்புறம்தான் மலை

துளை போட்ட எலும்பு கொஞ்ச காலம் பலவீனமானது. சுமார் 6 வாரம் அக்குள் கட்டையோடு, அந்தக் காலில் முழுப் பாரம் போடாமல் நடக்கச் சொல்வார்கள். சமவெளியில் இது சுலபம். நம் ஊரில் ரோட்டிலிருந்து வீட்டுக்கே முப்பது படி இறங்க வேண்டும், லைன் வீட்டில் கழிவறை பின்னால் மேட்டில் இருக்கும், மழையில் படியெல்லாம் பாசி. அறுவைக்குத் தேதி வாங்குமுன்பே இதையெல்லாம் யோசியுங்கள். மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ சொந்தக்காரர் வீட்டில் முதல் சில நாள் தங்க முடிந்தால் தங்குங்கள். வளைவுகளில் பஸ் ஆட்டத்தில் பிடித்துக்கொண்டு நிற்பதெல்லாம் அப்போது ஆகாது. மேலே வரும்போது காரில், முன் சீட்டைப் பின்னால் தள்ளி, காலை நீட்டி உட்காருங்கள்.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கட்டையும் நோகிற காலும் முதலில். இதைக் கீழேயே பிசியோதெரபிஸ்ட் முன்னால் பழகிவிட்டு வாருங்கள். கட்டையின் அடியில் இருக்கும் ரப்பர் நம் கல் படிகளில் சீக்கிரம் தேயும், ஒரு ஜோடி கூடுதலாக வாங்கி வையுங்கள். குந்தி உட்காரும் கழிவறைக்கு மேலே வைக்கிற கமோடு நாற்காலி மருந்துக் கடைகளில் கிடைக்கும். இரண்டு பக்கமும் ஒரே நாளில் செய்துவிடலாம் என்று சொன்னால், எந்தக் காலை ஊன்றி நடப்பது, வீட்டில் தூக்கிவிட யார் இருக்கிறார்கள் என்று யோசித்துவிட்டுத் தலையாட்டுங்கள்.

இலை பறிப்பு, கவாத்து, கேரட் மூட்டை தூக்குவது எல்லாம் டாக்டர் சொல்லும் வரை கிடையாது. எஸ்டேட் வேலை என்றால், இலகுவான வேலை கொடுக்கும்படி டாக்டரிடம் கடிதம் வாங்கித் தோட்டத்து மருத்துவமனையிலும் ஆபீஸிலும் கொடுத்து வையுங்கள். வலி குறைந்துவிட்டது என்று எக்ஸ்ரேக்குப் போகாமல் இருப்பவர்கள் நிறைய. வலி இல்லாமலும் உருண்டை அமுங்கும். குறித்த தேதிக்குப் போங்கள்.

அமுங்கிவிட்டிருந்தால்

அப்போது பேச வேண்டியது மாற்று மூட்டு. சின்ன வயதில் வேண்டாம் என்று தள்ளிப்போட்டு, அந்தப் பயத்தை வைத்தே ஸ்டெம் செல் விற்பவர்கள் இருக்கிறார்கள். 2019-ல் வெளியான, பல நாட்டுப் பதிவேடுகளைத் தொகுத்த ஆய்வு, மாற்று இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 சதவீதம் 25 ஆண்டு நிலைப்பதாகச் சொல்கிறது. முப்பது வயதில் வைத்தால் இன்னொரு முறை மாற்ற வேண்டி வரலாம், அது உண்மை. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் தோட்டத்துக்கும் சந்தைக்கும் நடந்து போய் வரலாம்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. மூட்டு மாற்றுக்கு மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முன் அனுமதி வாங்க வேண்டும். அட்டையில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று மலையை விட்டு இறங்குமுன் பாருங்கள், முதலெழுத்து மாறியிருந்தாலே திருப்பி அனுப்புவார்கள். ஸ்டெம் செல்லுக்கும் காப்பீடு உண்டு என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால், பணம் கட்டுமுன் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.